முப்பத்தேழு பேரும் இரண்டு நாய்களும்

ஃபைல் நான்காவது முறையாகத் திரும்பி வந்தபோது அருங்காட்சியகப் பதிவாளரம்மா அதை உடனே திறக்கவில்லை. மேசை மேல் போட்டுவிட்டு, டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் பிரித்தாள். அனுமதிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதருக்காகத் தன் டீயை ஆறவிட அவள் தயாராக இல்லை.

அந்த மனிதருக்கு அருங்காட்சியகம் முழுக்க ஒரே பேர்தான்: திருப்பி. போகிற ஃபைல் எல்லாம் திரும்பி வரும், அதனால் திருப்பி. வெளிநாட்டு ஓவியமோ சிலையோ கண்காட்சிக்காக நாலு மாதம் வந்து தங்கிவிட்டுப் போக வேண்டுமென்றால், அது நாட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அரசாங்கம் என்றால் யாரோ எவரோ இல்லை. எதிர்க் கட்டடத்து இரண்டாவது மாடியில், ஜன்னலோரம், முழங்கை தேய்ந்த கோட்டோடு உட்கார்ந்திருக்கும் திருப்பிதான் அரசாங்கம்.

முதல் தடவை திரும்பியது அளவுக்காக. ஃபிரேமோடு அளந்ததா, ஃபிரேம் இல்லாமல் அளந்ததா என்று தெளிவில்லையாம். இரண்டாம் தடவை, 'உரிமையாளரின் தந்தை பெயர்' என்ற இடம் காலியாக இருந்ததற்காக. உரிமையாளர் ஓர் அருங்காட்சியகம், கடலுக்கு அப்பால் இருநூறு வருஷமாக நிற்கிற கல் கட்டடம். அதற்கு அப்பாவுக்கு எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு 'இல்லை' என்று எழுதி அனுப்பினாள். மூன்றாம் தடவை அதுவும் திரும்பியது. 'இல்லை' என்று எழுதக்கூடாது, 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். இல்லை என்றால் அப்பா செத்துவிட்டார் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள் போல.

இப்போது நான்காவது. பச்சை மையில், குனிந்து குனிந்து எழுதிய கையெழுத்தில் இருந்தது: "கேள்வி 14. பொருளை அடையாளம் காட்டும் விவரங்கள் போதவில்லை. படத்தில் மனிதர் எத்தனை, விலங்கு எத்தனை என்று எண்ணிக் குறிப்பிடவும்."

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முந்நூறு வருஷத்து ஓவியம். உலகத்திலேயே இது ஒன்றுதான் இப்படி என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஆளுக்கு அது ஆட்டு மந்தை. தலையை எண்ணிப் பட்டியில் அடைக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. எந்தக் காலத்திலோ எங்கேயோ ஒரு அசல் ஓவியம் கண்காட்சிக்கு வந்து, திரும்பும்போது நகல் போய்விட்டதாம். அன்றைக்குப் போட்ட விதி: வந்ததுதான் போகிறது என்று நிரூபிக்க, படத்தில் இருப்பதை எழுத வேண்டும். மற்ற அதிகாரிகள் 'விருந்துக் காட்சி' என்ற இரண்டு சொல்லோடு விட்டுவிடுவார்கள். திருப்பி எண்ணச் சொல்கிறார்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். இயக்குநருக்கும் ஒரு பேர் உண்டு: ஆகா. எந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாலும் மோவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, "ஆகா!" என்பார். பாதி மூடிய கண்ணால் படம் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. போன வருஷம் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மீட்டருக்கு முன்னாலும் ஒரு ஆகா சொன்னார். பக்கத்திலிருந்த மந்திரியும் தலையாட்டினார்.

"எண்ணிக் குடுத்துட்டாப் போச்சு, இதுக்குப் போய் என்ன?" என்றார் ஆகா. "மந்திரி தேதி குடுத்துட்டார். அந்தப் படம் இல்லன்னா கண்காட்சியே இல்ல. அப்புறம்..." என்று மேசை இழுப்பறையைத் தட்டிக் காட்டினார். "உங்க ஃபைல் இங்கதான் இருக்கு. தலைமைப் பதிவாளர் சீட்டு ரெண்டு வருஷமாக் காலி. இத நல்லபடியா முடிங்க, நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடறேன்."

அந்தச் சீட்டுக்காக இருபத்திரண்டு வருஷம். வந்த பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, கீறல் கீறலாகக் குறித்து, மூடி, அனுப்பி, ஒரு ஆணி காணாமல் போனதில்லை. ஆகா போன்றவர்கள் மேடையில் பேசி மாலைக்கு வீட்டுக்குப் போக, அவள் ஆணி எண்ணினாள். அந்தச் சீட்டு அவளுக்கு வேண்டும். வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமும் அவளுக்கு இல்லை.

சாயங்காலம் ஓவியத்தின் பெரிய போட்டோவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து விரித்தாள். 'வணிகர் சங்கத்து விருந்து' என்று பெயர். நீள மேசை, வெள்ளை விரிப்பு, அதைச் சுற்றிக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாகப் பெரிய மனிதர்கள். ஒவ்வொருவரும் ஓவியனிடம் தன் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி வைத்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. தின்னப் போகிறவன் ஒருவனும் தட்டைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே இரண்டு நாய்கள்; அவைதான் உருப்படியாக எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பென்சிலால் ஒவ்வொரு தலையிலும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். முப்பத்தேழு. போட்டோவோடு கூடவே உரிமையாளர் அருங்காட்சியகம் அனுப்பியிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். அதிலும் முப்பத்தேழு. சங்கத்துப் பதிவேட்டில் இருந்த முப்பத்தேழு உறுப்பினர்களும் இவர்கள்தான் என்று பேர் பேராகப் போட்டிருந்தது.

"முடிஞ்சுது போ," என்றாள் சத்தமாக. "இந்த ஆளு நாளைக்கு மூக்கு எத்தனன்னு கேப்பான்."

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமல் சிரித்தார். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அக்காதான் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் செத்தபிறகு இந்த வீட்டோடு வந்தவள். பதினோரு வருஷமாக அடுப்பு அவளுடையது, பால் கணக்கு அவளுடையது, மகளின் காய்ச்சலும் அவளுடையது.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வலது ஓரத்து இருட்டில், கதவுக்குப் பின்னால், விரலை வைத்தாள். "இவளச் சேத்தியாடி?"

"எவள?"

"இந்தா, சொம்பு வச்சிட்டு நிக்கிறாளே."

பதிவாளரம்மா குனிந்தாள். கறுப்புதான் தெரிந்தது. "அது நிழல்க்கா."

"நிழலுக்குக் கை இருக்குமா?"

"நீ வேற, ஆரம்பிச்சிடாதக்கா. உலகத்துப் பெரிய பெரிய ஆளெல்லாம் பாத்து எழுதியிருக்கான் முப்பத்தேழுன்னு. உனக்கு மட்டும் தெரியுதாக்கும்."

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். "சரி, மேசைய எடு, தட்டு வைக்கணும்," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பதினான்காவது கேள்விக்கு 'மனிதர் 37, நாய் 2' என்று எழுதி, 'மேற்கண்டவை என் பொறுப்பில் சரிபார்க்கப்பட்டவை' என்பதன் கீழ் கையெழுத்துப் போட்டாள். அதே நேரம் திறப்பு விழா லிஸ்ட்டும் மேசைக்கு வந்தது. பாதுகாப்புக்காக, குடும்பத்தோடு வருகிறவர்கள் தன்னையும் சேர்த்து எத்தனை பேர் என்று தங்கள் கையாலேயே எழுத வேண்டுமாம். எங்கே பார்த்தாலும் எண்ணிக்கைதான் என்று முணுமுணுத்துக்கொண்டு, நின்றபடியே எழுதி அதிலும் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினாள்.

ஐந்தாம் தடவை ஃபைல் திரும்பவில்லை. அனுமதி வந்தது. ஆகாவுக்கு உச்சி குளிர்ந்துபோய், தான் நேரில் பேசியதால்தான் கிடைத்தது என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெட்டி விமானத்தில் வந்து இறங்கியது. கஸ்டம்ஸ் கிடங்கு என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் டயர்கள், ஒரு பக்கம் யாரோ வரவழைத்த குளியல் தொட்டிகள், நடுவில் முந்நூறு வருஷத்து ஓவியம். படத்தோடு கூட வந்த வெளிநாட்டு நிபுணர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, குளியல் தொட்டிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ஆகா அவர் பக்கத்தில் நின்று, அவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் தானும் சுளித்தார்.

திருப்பி வந்தார். வர வேண்டிய அவசியமில்லை. வரலாம் என்று விதியில் இருக்கிறது, அதனால் வந்தார். கையில் ஃபைல், பையில் பென்சில். மூடியைக் கழற்றியதும் ஆகா, "ஆகா!" என்றார். திருப்பி பென்சிலின் மழுங்கிய முனையைக் காற்றில் அசைத்து, படத்தைத் தொடாமல், இடமிருந்து எண்ண ஆரம்பித்தார். முடித்து, வலமிருந்து எண்ணினார். மறுபடி இடமிருந்து.

பதிவாளரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி எண்ணுகிறது பார், பிறவி என்று மனசுக்குள் திட்டினாள்.

"முப்பத்தெட்டு, மேடம்," என்றார் திருப்பி.

"முப்பத்தேழு, சார்."

"முப்பத்தெட்டு. நாய் சரியா இருக்கு."

நிபுணருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். சங்கத்து உறுப்பினர்களே முப்பத்தேழு பேர்தான், தன் அருங்காட்சியகம் நூறு வருஷமாக அப்படித்தான் சொல்கிறது, ஓரத்தில் இருப்பது பழைய வார்னிஷின் கறை என்றார். ஆகா அதைத் திருப்பியிடம் இன்னும் சத்தமாகச் சொன்னார், சத்தம் கூடினால் உண்மை கூடும் என்பதுபோல.

திருப்பி காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, "எனக்கு ஓவியமெல்லாம் தெரியாது சார். எண்ணத்தான் தெரியும்," என்றார். "ஃபைல்ல முப்பத்தேழு. பெட்டியில முப்பத்தெட்டு. பொருந்தல. புதுசா எழுதிக் குடுத்தா, ஆட்சேபம் இருக்கான்னு பதினஞ்சு நாள் நோட்டீஸ் ஒட்டணும்."

"பதினஞ்சு நாளா! மந்திரி நாலாம் நாள் வர்றாருய்யா!" ஆகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லன்னா ஒரு வழி இருக்கு. எண்ணினவங்க நேர்ல பாத்துட்டு, ஓரத்துல இருக்கறது மனுஷ உருவம் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நான் ஏத்துக்கிறேன்." திருப்பி அவள் பக்கம் திரும்பினார். "ஆனா பாத்துட்டு எழுதுங்க, மேடம்."

ஆகா அவளை ஒதுக்கமாகக் கூட்டிப் போனார். "போட்டுக் குடுங்க. என்ன ஆகப் போகுது? தப்பா எழுதிட்டேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா அது உங்க சர்வீஸ் புக்குல ஏறிடும். தவறான உறுதிமொழி. மூணு வருஷத்துக்குப் பிரமோஷன்ங்கிற பேச்சே கிடையாது. மூணு வருஷத்துல நீங்க ரிட்டயர்."

அவள் கிடங்கு ஆளிடம் ஒரு டார்ச்சை வாங்கிக்கொண்டு படத்தின் வலது ஓரத்துக்குப் போனாள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள், கீறல் தேடும்போது பிடிக்கிற மாதிரி.

முதலில் சொம்பின் விளிம்பு தெரிந்தது. அப்புறம் அதைப் பிடித்திருந்த நாலு விரல். விரலில் ஈரம் மினுங்கியது. அந்த ஈரத்தைக்கூட வரைந்திருந்தான் பாவி. மேலே போனால் முக்காட்டுக்குள் ஒரு கன்னம், ஒரு கண். பெரிய மனிதர்கள் முப்பத்தேழு பேரும் ஓவியனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மேசையைப் பார்த்தாள். யாருடைய கோப்பை காலி என்று பார்த்தாள்.

நூறு வருஷம் பார்த்தவனெல்லாம் எதைப் பார்த்தான்? பதிவேட்டைப் பார்த்தான். முப்பத்தேழு பேர் என்று அதில் இருந்தது, முப்பத்தேழு வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். அவளும் அதைத்தான் செய்தாள்.

டார்ச்சை அணைத்தாள். திரும்பி வந்து, குளியல் தொட்டி அட்டைப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள்: 'வலது ஓரத்தில் காணப்படுவது மனித உருவம் அல்ல, நிழல். நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்.' கையெழுத்தும் தேதியும் போட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தன்மேல் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

திருப்பி படித்தார். அவளைப் பார்த்தார். "பாத்தீங்களா, மேடம்?"

"பாத்தேன்."

"சரி." முத்திரை குத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, திருப்பி அனுப்ப வேண்டிய ஒரு காகிதத்தை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அவருடைய ஆயிரம் அற்பத்தனங்களையும் பொறுத்துக்கொண்டவளுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

திறப்பு விழாவன்று நாலு மணிக்கே தெருவில் கார்கள். அருங்காட்சியக வாசலில் சிவப்புக் கம்பளம், ஓரம் சுருட்டிக்கொள்ளாமலிருக்க நாலு மூலையிலும் செங்கல். ஆகா புதுக் கோட்டில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். காலையிலேயே அவளுடைய ஃபைலில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியாயிற்று என்று காதோடு சொல்லிவிட்டார்.

கணவரும் மகளும் அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அக்கா பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல உடுப்பை எடுத்து உடுத்தியிருந்தாள். மடிப்புக் கோடு முதுகில் அப்படியே இருந்தது. பதிவாளரம்மா வாசலுக்கு வந்து அவர்களை அழைத்தாள்.

காவலாளி லிஸ்ட்டைப் பார்த்தான். "மேடம், மூணுன்னு இருக்கு. உங்களோட நாலு பேர் வர்றீங்க."

"எங்க காட்டு."

காட்டினான். அவள் பேருக்கு நேராக அவள் கையெழுத்தில், கிறுக்கலே இல்லாமல், அழகாக ஒரு 3.

கணவர் தொண்டையைக் கனைத்தார். மகள் தரையைப் பார்த்தாள். அக்காதான் சிரித்தாள். "அவ எண்ணினா சரியாத்தான் இருக்கும். அதுதானே அவ வேல. நீங்க உள்ள போங்க, நான் அந்த மரத்தடியில உக்காந்திருக்கேன். உள்ள ஏசி வேற, எனக்கு ஆகாது."

அவள் குரலில் குத்தல் இல்லை. ஒரு சொட்டுக் குத்தல் இருந்திருந்தால் பதிவாளரம்மா பதிலுக்கு எரிந்து விழுந்து தப்பித்திருப்பாள். அக்கா நிஜமாகவே, தங்கை எண்ணினால் சரியாக இருக்கும் என்று நம்பி, மரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"நில்லுக்கா!"

கம்பளத்தில் நின்ற பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது சத்தம். அவள் காவலாளியின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"அப்படியெல்லாம் அடிச்சித் திருத்தக் கூடாது, மேடம்," என்றான் அவன். "தப்பா எழுதிட்டேன்னு தனியா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. விடறேன்."

எழுதினாள். 'என் குடும்பத்தாரின் எண்ணிக்கையைத் தவறாக எழுதிவிட்டேன். நாங்கள் நான்கு பேர்.' எழுதும்போது கண் கலங்கி எழுத்து மறைந்தது, துடைத்துக்கொண்டாள். இந்தக் கையால்தான் திருப்பியின் கேள்வியைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டோம் என்று நினைத்தபோது தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

நிமிர்ந்தால், பின்னால் வரிசையில் திருப்பி நின்றுகொண்டிருந்தார், அதே தேய்ந்த கோட்டோடு. லிஸ்ட்டில் அவர் பேருக்கு நேராக 1 என்று இருந்தது. அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. காவலாளியின் அட்டையிலிருந்து இன்னொரு தாளை உருவினாள்.

"சார், இப்ப எழுதிக் குடுத்தா கண்காட்சிய மூடிடுவீங்களா?"

திருப்பி கொஞ்சம் யோசித்தார். "தொறந்தபெறகு மூட விதி இல்ல. நோட்டீஸ் ஒட்டுவோம், அவ்வளவுதான். கண்காட்சிக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான் ஆகும்."

சிவப்புக் கம்பளத்தின் மறுமுனையிலிருந்து ஆகா, "என்னம்மா அங்க? மந்திரி வர்ற நேரம்!" என்று பல்லை மூடாமலே அதட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பல்லுக்கும் இழுப்பறைக்கும் பயந்து பயந்து இருபத்திரண்டு வருஷம் ஆணி எண்ணியது போதும்.

'கேள்வி 14. படத்தில் உள்ளவர்கள் முப்பத்தெட்டு. நேரில் பார்த்தும், பார்க்காததுபோல் எழுதிக் கொடுத்தேன். முந்தைய உறுதிமொழி பொய்.' கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

திருப்பி படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. பாராட்டுவார் என்றோ ஆறுதல் சொல்வார் என்றோ அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் காகிதத்தை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"தேதி போடல, மேடம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தை வாங்கி, காவலாளியின் மேசை மேல் வைத்து, பேனாவைத் திறந்தாள். எவ்வளவு யோசித்தும் நாள் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, இன்னிக்கு என்ன தேதி?"

பால் கணக்கு எழுதுகிறவளுக்குத் தேதி தெரியாமல் போகுமா? மரத்தடிக்குப் பாதி தூரம் போய் நின்றிருந்த அக்கா, அங்கிருந்தே சொன்னாள். தங்கை எழுதிக்கொண்டாள்.